எதிர்முள்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் பார்சல்களை என் நாத்தனார்தான் வாங்கி வைப்பார். நானும் என் கணவரும் எட்டு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். எனக்குக் கழக்கூட்டத்தில் மென்பொருள் அலுவலகம், அவருக்கு வங்கி. நாத்தனார் அவருக்குப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே தெருவில் நான்கு வீடு தள்ளித் தனியாக இருந்தார். அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து, ஐம்பத்தாறு முடிந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு கோப்பை மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவரைப் பற்றி அலுவலகத்தில் சொல்வார்களாம். எங்கள் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடங்களில் அவர் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்பாகவும் பேசியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது, வாசற்படிக்கு வெளியே ஒரு அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. நாத்தனார் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தனக்கு வரவேண்டிய பிரஷர் மாத்திரை என்று நினைத்துப் பிரித்திருக்கிறார். உள்ளே இருந்தது தோலோடு சேர்ந்த சேவல் கழுத்து இறகு.

"இவளே, இது என்னாக்கும்?"

"சேவல் எறகு அக்கா."

"அது தெரியறது. என்னத்துக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். கைவினைப் பொருள் செய்வதற்கு என்றால் நம்பியிருப்பார். ஆனால் நான்கு வருடங்களாக ஒளித்து ஒளித்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. சொல்லிவிட்டேன்.

ஆன்சைட் வேலையாக இங்கிலாந்தின் வடக்கில் இரண்டு வருடம் இருந்தபோது பழகியது அது. அங்கே வசந்த காலத்தில், ஒரு குறிப்பிட்ட வாரத்தில், ஆற்றின் அடியில் ஒரு வருடமாகப் புழுவாகக் கிடந்த பூச்சிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் மேலே வந்து, சிறகு விரித்துப் பறக்கும். அவற்றைத் தின்ன ட்ரவுட் மீன்கள் நீர்மட்டத்துக்கு வரும். இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றி அதே பூச்சியைப் போல ஒன்று செய்து, கனமான நூலின் நுனியில் கட்டி, மீனின் மூக்குக்கு நேரே இறக்க வேண்டும். மண்புழு கிடையாது, தக்கை கிடையாது. மீன் ஏமாந்தால் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். திருவனந்தபுரம் திரும்பிய பிறகு அது முடிந்த கதை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு மேட மாதம், அதாவது நம் சித்திரையில், பொன்முடிக்குக் கீழே கல்லாற்றின் கரையில், முதல் கோடைமழைக்கு மறுநாள், அதே போன்ற பூச்சிகள் எழும்பிப் பறப்பதைப் பார்த்தேன். ட்ரவுட் இங்கே கிடையாது. ஆனால் பக்கவாட்டில் நீலப் பட்டைகள் கொண்ட ஒரு சின்ன வெள்ளி மீன் உண்டு. அதுவும் ட்ரவுட் மாதிரியே துள்ளி வந்து பூச்சியை வாங்கும். காட்டு எல்லைக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, அவருடைய நிலத்தை ஒட்டிய ஆற்றில் ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு மூன்று வாரம் போய்வந்தேன். என் கணவருக்குத் தெரியும். தெருவில் வேறு யாருக்கும் தெரியாது.

நாத்தனார் குறுக்கிடாமல் கேட்டார்.

"பிடிச்ச மீனை விட்டுடுவேங்கறே. திங்கவும் மாட்டே. பின்னே எதுக்குப் பிடிக்கறே?"

நான் குனிந்து பெட்டியின் மூடியைச் சேர்த்து மூடினேன்.

"அடுத்த தடவை நானும் வரேன்."

"நீங்க எதுக்கு அக்கா? கல்லும் பாறையுமா கெடக்கும்."

"நேர்ல பாக்காம நான் எதுலயும் அபிப்ராயம் எழுதினதில்லை," என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், வேறு வழியில்லை, எடுத்தேன். அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அவர் பார்த்துவிட்டு என்ன சொல்லுவார், யாரிடம் சொல்லுவார் என்றே மனம் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பொய்ப்பூச்சிகள் கட்டினேன். நூல் இரண்டு முறை அறுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காரில் கிளம்பினோம். நாத்தனார் பருத்திப் புடவையை முழங்காலுக்குக் கீழே தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டு, பிளாஸ்கில் காப்பியும் காகிதக் கோப்பைகளும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நெடுமங்காடு தாண்டினோம். பிறகு கேட்டார்.

"கொக்கி குத்தினா மீனுக்கு நோவாதோ?"

"நோவும். அதனாலதான் எதிர்முள்ளை நசுக்கிடுவேன். கொக்கி நுனிக்குக் கீழே, எதிர்ப்பக்கமா ஒரு சின்ன முள் இருக்கும். ஒரு தரம் உள்ளே போனா வெளியே வர விடாது. கட்டறதுக்கு முன்னாடியே அதைக் குறடால நசுக்கிட்டா, வழுக்கிண்டு வந்துடும். மீனுக்குப் பெரிய காயம் இல்லை."

"எல்லாத்துலயும் நசுக்குவியோ?"

"எல்லாத்துலயும்."

தலையாட்டினார். பொன்முடி மேல் மேகம் கூடியிருந்தது.

ஆற்றில் தண்ணீர் தெளிவாக, கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிளை ஓடையைக் கடந்து நடுவில் இருந்த கல்திட்டுக்குப் போனோம். திட்டின் இடது கோடியில் ஒரு பெரிய பாறையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன்.

"எனக்குப் பின்பக்கம் மட்டும் வராதீங்கோ அக்கா. முன்னாடி வீசறதுக்கு முன்னே, நூல் பின்னாடி அம்பது அடி போகும். கொக்கி அதோட போகும்."

"செரி. நான் இங்கேயே இருக்கேன்."

நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கொக்கி எங்கே பறந்தாலும் கண்ணுக்குக் காவல் வேண்டும் என்பதுதான் இங்கிலாந்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். காரில் இன்னொன்று இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாரே, போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாத்தனார் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடது தோளில் அவர் பார்வை சூடாகப் படுவதுபோல் இருந்தது. ஐந்து மணிக்குத் தூறல் விழுந்தது. விழுந்து நின்றதும் பூச்சிகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. நீரின் மேல் சிறகை நிமிர்த்தி மிதந்து வந்து, ஒரு கணம் நின்று, எழும்பின. மேலே கரிச்சான் குருவி ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து பிடித்துத் தின்றது. எதிர்க்கரைப் பாறைக்கு அடியில் நீர் உடைந்தது. மறுபடி உடைந்தது. மீன்கள் எழும்பிவிட்டன.

கூட ஒருவர் வந்திருக்கிறார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. இதை நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் உண்மை இதுதான். ஒரு மீன் என் பூச்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. நூலை அவசரமாக உருவி எடுத்துப் பின்னால் வீசினேன். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் கொண்டுவந்தபோது, நூல் வரவில்லை.

"ஸ்ஸ்... என்னமோ கடிச்சுடுத்துடீ."

திரும்பினேன். நாத்தனார் பாறையில் இல்லை. எனக்குப் பின்னால் இருபதடி தூரத்தில் நின்றிருந்தார். மீன்களைக் கிட்டே பார்க்க எழுந்து வந்திருக்கிறார். தூறலில் கண்ணாடி மங்கிவிட்டது என்று கழற்றிக் கையில் வைத்திருந்தார். வலது மேல் இமையில், வெளிக்கோடியை ஒட்டி, என் பொய்ப்பூச்சி உட்கார்ந்திருந்தது. நிஜப் பூச்சி வந்து உட்கார்ந்ததுபோலவே இருந்தது. அதிலிருந்து நூல் என் கைவரை நீண்டிருந்தது.

"அக்கா, தொடாதீங்கோ. கையை எறக்குங்கோ. கண்ணை மூடிண்டு அப்படியே நில்லுங்கோ."

தூண்டில் கோலைக் கீழே போட்டேன், நூல் இழுபடாதபடி. கற்களில் வழுக்கிக்கொண்டு ஓடினேன். கத்தரியால் நூலை இமைக்கு ஓரங்குலத்தில் வெட்டினேன். ரத்தம் அதிகம் இல்லை. ஒரு சொட்டு, கன்னத்தில் கோடு போட்டிருந்தது. கொக்கியின் வளைவு முழுக்க உள்ளே போயிருந்தது. நுனி எங்கே முடிகிறது, இமைக்குள்ளேயா, அதைத் தாண்டிக் கண்ணிலா என்று தெரியவில்லை.

"பூச்சி இல்லையா இது?"

"இல்லை அக்கா. என் கொக்கி."

அவர் உதடு இறுகியது. "கண்ணுக்குள்ளே எதோ உரசறது," என்றார், மெதுவாக.

காகிதக் கோப்பையைப் பாதியாக வெட்டி, அடிப்பாகத்தைக் கண்ணின் மேல் கவிழ்த்தேன், கொக்கியில் படாமல். என் துப்பட்டாவால் தலையைச் சுற்றிக் கட்டினேன். இடது கண்ணையும் திறக்க வேண்டாம் என்றேன். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும். அவரை அழைத்துக்கொண்டு ஓடைக்கு வந்தபோது நின்றுவிட்டேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் குச்சியும் மிதந்து வந்தன. மேலே பொன்முடியில் நல்ல மழை பெய்கிறது. வரும்போது கணுக்கால் அளவு. இப்போது முழங்காலுக்கு மேல்.

"ஏன் நின்னுட்டே?"

"வெள்ளம் கொஞ்சம் ஏறியிருக்கு அக்கா. நெறமும் மாறியிருக்கு."

"ஏறிண்டே இருக்கா?"

"ஆமாம்."

"அப்போ பேசிண்டு நிக்காதே. நட."

அவர் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஒவ்வொரு கல்லாகக் காலால் தடவி, ஊன்றி, "இப்போ வலது கால், இப்போ இடது" என்று சொல்லிச் சொல்லிப் போனேன். நடுவில் ஒரு மரக்கிளை வந்து தொடையில் மோதியது. அவர் பிடி நழுவி, என் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டார். விழுந்திருந்தால் முகம் கல்லில் மோதியிருக்கும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற திட்டில் பாதி மறைந்திருந்தது. தூண்டில் கோல் அங்கேயே போயிற்று.

காரில் இருக்கையைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்தேன். கிளப்பிய பிறகுதான் அவர் கேட்டார்.

"இவளே, எதிர்முள்ளை நசுக்குவேன்னு சொன்னியே. இதுலயும் நசுக்கினியோ?"

வெள்ளிக்கிழமை ராத்திரி. சாப்பாட்டு மேஜை. இரண்டு கொக்கி. குறடு கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. ஒன்றை நசுக்கியது ஞாபகம் இருக்கிறது. மற்றதை? நூல் அறுந்தது. மறுபடி சுற்றினேன். அதற்கு முன்னா பின்னா? எவ்வளவு துருவினாலும் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஆமாம் அக்கா," என்றேன்.

"அப்போ வழுக்கிண்டு வந்துடும்."

"ஆமாம்."

அவர் மூச்சு சற்றுத் தளர்ந்தது. மழை எங்களைத் தொடர்ந்து கீழே இறங்கி வந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஓரிடத்தில் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் அவர் "ம்" என்று ஒரு சத்தம் போட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "போறும். ரோட்டைப் பாரு," என்றார்.

வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பலகையைப் பார்த்து நிறுத்தினேன். இளவயது டாக்டர். துப்பட்டாவை அவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "எந்து பற்றி?" என்று என்ன நடந்தது எனக் கேட்டார். நான் மலையாளத்தில் திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனார் படுத்தபடியே சொன்னார், அவருடைய அலுவலக மலையாளத்தில், தெளிவாக: கொக்கியில் எதிர்முள் இல்லை, நசுக்கிவிட்டது, என் தம்பி மனைவிக்கு நிச்சயமாகத் தெரியும், வந்த வழியிலேயே உருவி எடுத்துவிடலாம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "எதிர்முள் இல்லை என்றால் பெரிய வேலை இல்லை. இங்கேயே எடுத்துவிடுகிறேன்," என்றார். நர்ஸிடம் மரத்துப்போகும் சொட்டு மருந்து கேட்டார். இடுக்கியை எடுத்தார். குனிந்தார்.

நான் பேசாமல் நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. இரண்டாக இருக்கலாம். ஒருவேளை நசுக்கியிருப்பேன், எப்போதும் நசுக்குகிறவள்தானே என்று நினைத்தேன். இடுக்கி பூச்சியைத் தொட்டது.

"வேண்டாம் டாக்டர். இழுக்காதீங்க." தமிழில்தான் வந்தது. "நசுக்கினேனான்னு எனக்குத் தெரியாது."

அவர் கை நின்றது. நாத்தனாரின் இடது கண் திறந்தது. அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, அப்படியானால் தான் தொட மாட்டேன் என்றார். எதிர்முள் இருந்து இழுத்தால் இமை கிழியும், கண்ணுக்குள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. மருந்து விட்டு, பிளாஸ்டிக் மூடி வைத்து ஒட்டி, நகரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னார். எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்றார்.

அங்கிருந்து நகரம்வரை ஒன்றரை மணி நேரம். நெடுமங்காட்டில் மழையில் வண்டிகள் நகரவில்லை. குழிகளில் நாத்தனார் போட்ட அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை, கை புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

வழியிலிருந்தே போன் செய்திருந்ததால், என் கணவர் கண் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே கொண்டுபோன பிறகு என்னிடம் கேட்டார்: "கண்ணு போயிடுமா?"

"தெரியலை."

நாற்பது நிமிடம் ஆயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து, பஞ்சின் மேல் இரண்டு துண்டாக வெட்டிய கொக்கியைக் காட்டினார். நுனித்துண்டைக் குனிந்து பார்த்தேன். எதிர்முள் நசுங்காமல், கூர்மையாக, அப்படியே இருந்தது. நுனியை வெளிப்பக்கமாகத் தள்ளி, வெட்டி, பிறகு எடுத்தார்களாம். விழிப்படலத்தில் கீறல் இருக்கிறது, ஆழமில்லை, கிருமி புகாமல் பார்த்துக்கொண்டால் பார்வைக்குப் பயமில்லை என்றார். பகலெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து.

மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு வீடு தள்ளிப் போய், கையைக் கழுவி, மருந்து விட்டுவிட்டு வருவேன். நாத்தனார் தலையைச் சாய்ப்பார், விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் எதிர்பார்க்காதது, கண்ணில் கட்டு ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதில். பொன்முடியில் மரக்கிளை பட்டது என்று சொல்லுவார் என நினைத்திருந்தேன். எதிர்வீட்டு மாமி கேட்டபோது நான் சமையலறையில் இருந்தேன்.

"நாங்க மீன் பிடிக்கப் போனோம். இவ கொக்கி என் கண்ணுல மாட்டிடுத்து."

"மீனா? நம்மாத்துலயா?"

"நம்மாத்துலதான். பிடிச்சுட்டு விட்டுடுவா. திங்கறதில்லை, கேட்டயோ."

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சில பேர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் ஒரு வீட்டில் நவராத்திரிக்குக்கூடக் கூப்பிடவில்லை. என் கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொக்கிக்காகவா, தெருவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, மருந்து விடப் போனபோது நாத்தனார் தலையைச் சாய்க்கவில்லை.

"கொக்கி பட்டது போகட்டும். எழுந்து வந்தது என் தப்பு. நீ ஆமாம்னு ஏன் சொன்னே?"

"நீங்க பயப்படக் கூடாதேன்னு அக்கா."

"நான் பயந்தேனா?"

யோசித்தேன். ஓடையில் அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. "இல்லை. நான்தான் பயந்தேன். தெரியாதுன்னா, நீங்க என்னை என்ன நினைப்பேளோன்னு."

"அவன் கையில இடுக்கி இருந்தது. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவளுக்கு நிச்சயமாத் தெரியும்னு. உன் வார்த்தைக்கு நான் கையெழுத்துப் போட்டேன்டீ." குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுதால் கண்ணுக்கு ஆகாது என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். "சும்மா இரு," என்றார். பிறகு தலையைச் சாய்த்தார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

கண் ஆறிவிட்டது. இமையின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, அங்கே முடி முளைக்கவில்லை. ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்பார். அதற்குப் பிறகு அவர் ஆற்றுக்கு வரவில்லை, நான் கூப்பிடவும் இல்லை. அந்தப் பருவம் முழுக்க நானும் போகவில்லை.

அடுத்த வருடம் மேடத்தில் புதுக் கோல் வாங்கினேன். கிளம்புவதற்கு முன் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"மழை உண்டோ மேலே?"

"இல்லை அக்கா. பாத்துட்டேன்."

"எத்தனை மணிக்குத் திரும்புவே?"

"ஆறரைக்குக் காருக்கு வந்துடுவேன்."

சரியாக ஆறேகாலுக்குப் போன் அடித்தது. பூச்சிகள் நீரை மூடிக்கொண்டு பறந்துகொண்டிருந்தன, எதிர்க்கரையில் மீன்கள் வரிசையாக எழும்பின. நான் முழங்கால் தண்ணீரில் நின்று, நூலைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, போனை எடுத்தேன்.

"வெள்ளம் என்ன நெறத்துல இருக்கு?" என்று கேட்டார்.